தேரைக்கு என்னைத் தெரியும்

எங்கள் ஆய்வுக்கூடத்துத் தேரைக்கு அதிகாரி என்று பெயர். வருகிறவர்களையெல்லாம் விண்ணப்பத்தோடு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். அதன் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நோண்டுவதிலேயே எனக்குப் பத்தொன்பது வருஷம் போய்விட்டது. அதன் தலையில் முடியைவிட மெல்லிய கம்பி ஒன்று உண்டு. மூளையில் ஒரு செல் துடித்தால் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்கும். திரையில் ஒரு பட்டையைப் படுக்கவைத்து நீளவாக்கில் நகர்த்தினால் அதிகாரிக்கு அது புழு; ஸ்பீக்கரில் சோளம் பொரியும். அதே பட்டையை நிமிர்த்தி நகர்த்தினால் சீந்தாது. இதெல்லாம் ஊரறிந்த சங்கதி.

ஊரறியாத சங்கதி, இரண்டு வருஷம் முன்பு நான் கண்டுபிடித்த ஏழாம் நம்பர் செல். திரையை அணைத்து, விளக்கை அணைத்து, ரெக்கார்டரின் பச்சைப் புள்ளியை மட்டும் விட்டுவைத்தாலும், சின்ன ஃப்ரிட்ஜிலிருந்து புழு டப்பாவை எடுக்க நான் குனிகிற நொடியில் அது பொரிந்து தள்ளியது. வாசனையோ என்று டப்பாவை மெழுகு வைத்து அடைத்தேன். சத்தமோ என்று ஃப்ரிட்ஜுக்கு மெத்தை போட்டேன். அதன் உள்பல்பைக்கூடக் கழற்றினேன். அப்படியும் டக் டக். ஆக, தேரை சாப்பாட்டை எதிர்பார்க்கிறது! புழு வளர்த்துத் தரும் அக்கா குனிந்தபோது ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை. ஆக, தேரைக்கு என்னைத் தெரியும்! தலைகால் புரியாமல் கட்டுரை எழுதினேன். பத்திரிகையும் ஏற்றுக்கொண்டது.

வீட்டில் சொன்னேன். “பரவால்லயே. பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தியும் கடைத்தெருக் கூட்டத்துல எனக்கே உன்னை அடையாளம் தெரியறதில்ல” என்றார் கணவர்.

அடுத்த அறை மீன்காரருக்கு, அதாவது மீன் கண் ஆராய்ச்சியாளருக்கு, தொட்டி வைக்க இடம் போதவில்லை. என் அறைமேல் அவருக்கு ஒரு கண். கடைசியில் நிறுவனம் ஒரு குழுவை அனுப்பியது. ஏழாம் செல்லை நேரில் காட்டினால் அறை எனக்கு, இல்லாவிட்டால் மீனுக்கு.

அன்று காலை கணவர் யோசனை சொன்னார். “குழு வர்ற நாளாச்சே, சடையைத் தொங்கவிட்டுட்டுப் போகாத. கொண்டை போடு. பெரிய மனுஷி மாதிரி இருக்கும்.”

என் சடை இடுப்பைத் தாண்டும். சுற்றிக் கொண்டையாக்கி இரண்டு கிளிப் குத்திக்கொண்டு போனேன்.

குழுத் தலைவி ஸ்டூலில் உட்கார்ந்தார். புழு அக்கா ஒரு மூலையில் நின்றார். மீன்காரர் கதவோரம் நின்றார், கையில் அளவெடுக்கிற டேப்போடு. விளக்கை அணைத்தேன். குனிந்தேன். சத்தமில்லை. மறுபடி குனிந்தேன். ஊஹூம். இருட்டில் மீன்காரர் டேப்பை இழுத்து விடுவது கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆத்திரத்தோடு மூன்றாம் முறை குனிந்த வேகத்தில் கிளிப் தெறித்து, கொண்டை அவிழ்ந்து, சடை முதுகில் விழுந்தது. ஸ்பீக்கரில் ஒரு மூட்டைச் சோளம் பொரிந்தது.

விளக்கைப் போட்டதும் கைதட்டினார்கள். தலைவி பேனாவைத் திறந்தார்.

அக்கா என் காதருகே வந்து, “மேடம், சடை விழுந்ததும்தான் சத்தம் வந்துச்சு. என் தலைதான் கிராப்பாச்சே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் குனிந்தால் முதுகு படுக்கைவசமாகிறது. அதன்மேல் சடை நீளவாக்கில் வழுக்குகிறது. அணைந்த திரை கண்ணாடிதானே! பச்சைப் புள்ளியின் வெளிச்சத்தில் என் முதுகு அதில் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மறைத்தவள் என்னை மறைக்கவில்லை. இரண்டு வருஷமாக அதிகாரி பார்த்தது என்னை அல்ல, கொழுத்த ஒரு புழுவை.

வாயை மூடிக்கொண்டால் அறை என்னுடையது. மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் இனி நான் ஒவ்வொரு முறை குனியும்போதும் அக்கா ஒரு பார்வை பார்ப்பாரே!

“ஒரு நிமிஷம்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். செய்தும் காட்டினேன்: கொண்டையோடு குனிந்தால் அமைதி, சடையோடு குனிந்தால் டக் டக்.

மீன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “எதிர்பார்ப்பாவது ஒண்ணாவது! வெறும் சடை!” என்று சுவரை அளக்கப் போனார்.

“இருங்க” என்றார் தலைவி. “அந்தச் சடை திரையில எங்க தெரியுது?”

மறுபடி விளக்கை அணைத்துவிட்டு நான் குனிந்தேன். ஸ்பீக்கர் பொரிந்தது. எல்லோரும் திரையை உற்றுப் பார்த்தார்கள். மீன்காரர் திரையில் மூக்கை ஒட்டியே பார்த்தார். கன்னங்கரிய இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

“எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார் குரல் இறங்கி.

“தேரைக்குத் தெரியுதே” என்றார் தலைவி. “எவ்வளவு இருட்டு வரைக்கும் தெரியும்?”

“தெரியாதுங்க. அளக்கணும்” என்றேன்.

“அளங்க. ரெண்டு வருஷம் அறை உங்களுக்கு. சார், டேப்பை அவங்ககிட்ட குடுத்துடுங்க.”

கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். இப்போது எங்கள் கருவிப் பட்டியலில், திரைக்கும் ஸ்பீக்கருக்கும் கீழே, ‘சடை, ஒன்று’ என்று இருக்கிறது. வெயில் தாங்கவில்லை, முடியை வெட்டிக்கொள் என்கிறார் கணவர். அலுவலகச் சொத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இன்றும் காலையில் விளக்கை அணைத்துவிட்டுக் குனிந்ததும் ஸ்பீக்கர் பொரிகிறது. அது எனக்கான வரவேற்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இளித்துவிடுகிறேன். அந்த இருட்டில் அது யாருக்கும் தெரியாது, அதிகாரியைத் தவிர.