வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அன்று அந்த வீட்டில் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

வழக்கமாக அவள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், நாற்காலியில் குவிந்திருக்கும் துணிகளை ஒரே வாரலாக வாரி ஓரம் போட்டு, "உக்காருங்க டீச்சர்" என்பாள் பட்டாணியின் அம்மா. தான் டீச்சர் இல்லை, குழந்தைகளின் நடத்தையைக் கவனித்துக் குடும்பத்துக்கு வழி சொல்கிற ஆய்வாளர் என்று அவள் ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். "ஆய்வாளர்னா போலீஸ் மாதிரி இருக்கு. எம்பொண்ணு யார் வீட்டு நகையைத் தூக்கிட்டா?" என்று அந்த அம்மா கேட்ட பிறகு திருத்துவதை விட்டுவிட்டாள்.

அன்று அம்மா தையல் மெஷினை விட்டு எழவில்லை. யாருடைய கால்சட்டை இடுப்பையோ பிரித்துக்கொண்டிருந்தவள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இனிமே நீங்க வர வேண்டாம். நாங்களே பாத்துக்கறோம்."

ஆய்வாளர் அப்படியே நின்றாள். பேச்சு வராதபோது அதை வற்புறுத்தி வரவழைப்பது அவள் வழக்கமில்லை. உறவுக்காரர்கள் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். இந்தத் தொழிலில் அந்த மௌனம்தான் அவளுக்குக் கைமுதல்.

பட்டாணி சீருடையோடு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் புகுந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது உருண்டை முகத்துக்காக வைத்த செல்லப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பேச்சு கிடையாது. மணிக்கட்டில் புதிய பல்தடம் ஊதாவாகக் கன்றியிருந்தது. அதைச் சுற்றிலும் ஆறிப்போன தழும்புகள். அவை ஆறியதுதான் அவர்கள் மூவரும் சேர்ந்து செய்த வேலை.

அந்த வேலை ஒரு மஞ்சள் கார்டு. உள்ளங்கை அளவு, மேலே கண்மூடிச் சாய்ந்திருக்கும் ஒரு முகம். சத்தமும் கூட்டமும் தாங்காமல் போகும்போது பட்டாணி தன் கையைக் கடித்துக்கொள்வாள். கடித்தால் பதறிப்போய் வெளியே கூட்டிப்போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடிப்பதற்குப் பதில் இதைக் கொடு, அப்போதும் வெளியே விடுவோம் என்பதே பாடம். சொல்லும்போது சுலபம், கற்றுக்கொடுக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அவள் கார்டை நீட்டிய அந்த நொடியிலேயே விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. இதை மட்டும் முடித்துவிட்டுப் போ என்று பேரம் பேசக் கூடாது. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வீட்டில் விருந்தாளி இருந்தாலும் சரி. கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற குழந்தை எதற்குக் கடிக்கப்போகிறது? பட்டாணியின் முதல் வார்த்தை அந்தக் கார்டுதான்.

இப்போது அது அலமாரிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

"பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் ஆய்வாளர்.

"எங்கிட்ட கேக்கறீங்களா?" அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நீங்க சொல்லித்தானே செஞ்சிருக்காங்க. கதவுல எழுதியே ஒட்டியிருக்காங்க. நேத்து பீஸ் கட்டப் போனப்பதான் பாத்தேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"எம்பொண்ணை ரூம்ல போட்டுத் தாழ்ப்பாள் போடச் சொன்னீங்க."

தெருவில் ஒரு வண்டி பின்வாங்கும் பீப் ஒலி கேட்டது. பட்டாணி காதைப் பொத்திக்கொண்டாள். அது நிற்கும் வரைக்கும் ஆய்வாளர் காத்திருந்தாள்.

"வாங்க போகலாம்," என்றாள். "மூணு பேரும்."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, மெஷினின் விளக்கை அணைத்தாள். ஊசி முடுக்குகிற சின்னத் திருப்புளியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வெளியே கிளம்பினால் அது கூடவே போகும். வாடிக்கையாளர் வீட்டு மெஷினையும் அவள்தான் சரிபார்த்துக் கொடுப்பாள்.

பள்ளியில் முதல் மணி அடித்து ஓய்ந்திருந்தது. கழுவிவிட்ட தாழ்வாரம் இன்னும் காயவில்லை. பட்டாணியின் வகுப்பு ஜன்னலைக் கடக்கும்போது உள்ளே ஒரே கூச்சல். அதன் மேலாக வகுப்பாசிரியையின் குரல் வந்தது.

"யாருக்கு வேணும்? எடுக்கட்டுமா?"

வகுப்பு கப்சிப் ஆனது.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கால்பந்து நடுவர் போல ஆசிரியை கையை உயர்த்திப் பிடித்திருந்தாள். விரல்களுக்கு நடுவில் மஞ்சள் கார்டு. கண்மூடிச் சாய்ந்த அதே முகம். பட்டாணிக்காகப் பள்ளியில் வைத்திருக்கச் சொல்லி இவளே கொடுத்துவிட்டுப் போனது. முன்வரிசையில் ஒரு பையன் இரண்டு கைகளாலும் தன் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

ஒரு குழந்தை பெரியவர்களிடம் பேசுவதற்காகக் கொடுத்ததை, பெரியவர்கள் குழந்தைகளின் வாயை அடைக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உச்சந்தலை சுட்டது.

"அட, இப்பதான் உங்களை நினைச்சேன். நூறு ஆயுசு உங்களுக்கு," என்று எதிரே வந்தாள் தலைமையாசிரியை. கெட்டவள் என்று சொல்லிவிட முடியாத முகம். "அடுத்த வாரம் வேற ஸ்கூல்லேர்ந்தெல்லாம் நம்ம ரூமைப் பாக்க வர்றாங்க. நீங்களே வந்து நாலு வார்த்தை விளக்கிட்டா நல்லாருக்கும். வாங்க, காட்டறேன்."

மாடிப்படிக்குக் கீழே, பாய்களும் உடைந்த நாற்காலிகளும் போட்டு வைத்திருந்த அறை. கதவில் ஒரு மேகம் வரைந்திருந்தது. 'அமைதி அறை.' அதன் கீழே அச்சடித்த தாள்: 'நடத்தை ஆய்வாளரின் ஆலோசனைப்படி.' தாளுக்குப் பக்கத்தில் புத்தம்புதுத் தாழ்ப்பாள், வெளிப்பக்கத்தில்.

பட்டாணி தாழ்வாரத் திருப்பத்தைத் தாண்டி வரவில்லை. அம்மாவின் புடவையைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

ஆய்வாளர் கதவைத் திறந்தாள். ஜன்னல் கிடையாது. ஒரு பாய், மேலே கூண்டு போட்ட பல்பு. கதவின் உட்பக்கத்தில் ஏழு வயதுக் குழந்தையின் தோள் உயரத்துக்குக் கீழே பெயின்ட் உரிந்திருந்தது. நகத்தால் உரித்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை.

அந்த மௌனத்தைத் தலைமையாசிரியையால் தாங்க முடியவில்லை.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, சத்தம் இல்லாத இடம் ஒண்ணு வேணும்னு. அதான் ஏற்பாடு பண்ணினோம். கார்டு குடுத்தா இங்க அனுப்பிடுவோம்."

மௌனம்.

"தாழ்ப்பாள் பாதுகாப்புக்குத்தான். ஓடிட்டா யார் பதில் சொல்றது? அவ அமைதியாகற வரைக்கும்தான். கத்தறத நிறுத்தினா உடனே திறந்துடுவோம்."

மௌனம்.

"இப்ப நல்ல முன்னேற்றம் மேடம். கார்டே குடுக்கறதில்ல. ரூமுக்கு அவசியமே இல்லாம போச்சுன்னா பாருங்களேன்."

அதைக் கேட்டதும் அவள் திரும்பினாள். சத்தமில்லாத ஓர் இடம், குழந்தை தானே போய்த் தானே திரும்பி வரும்படி என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். அந்த வாக்கியத்தின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு உடம்பை வெட்டி எறிந்திருந்தார்கள். அந்தத் தலைக்குக் கீழே இவள் தொழிலையும் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"கார்டு அவளோட பேச்சு," என்றாள். குரல் உயரவில்லை. "'எனக்கு முடியல, கொஞ்சம் விடுங்க'ன்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கா. கேட்டதுக்காக அடைச்சு வெச்சிருக்கீங்க. அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டா. அதுக்குப் பேரு முன்னேற்றமா? அவ வார்த்தையைப் பிடுங்கி அவ வாயிலயே அடிச்சிருக்கீங்க."

தலைமையாசிரியையின் முகம் இறுகியது. "ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க. நீங்க வாரத்துக்கொரு தடவை வந்து, பாத்து, சொல்லிட்டுப் போயிடறீங்க. அல்லாடறது நாங்க."

"ஆள் பத்தலைன்னா ஆள் கேளுங்க. நானும் கூட வந்து கேக்கறேன். பூட்டறதுக்கு என் தொழிலைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க."

"அப்ப சரி." தலைமையாசிரியை தாழ்வாரத் திருப்பத்தைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். "இந்த ரூம் ஒத்துவராதுன்னா, குழந்தைக்கு வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க."

அம்பு யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்தது. இது பட்டாணிக்கு நாலாவது பள்ளி. இதற்கு முன் பார்த்த பள்ளிகளில் எல்லோரும் அன்பாகப் பேசித்தான் கதவைச் சாத்தினார்கள். இங்கிருந்தும் போனால் வீட்டில் மெஷினுக்குப் பக்கத்தில் அந்தக் கட்டில் இடுக்கு மட்டும்தான். நியாயத்தை இவள் பேசிவிட்டாள். அதற்கு விலை கொடுக்கப்போவது இவள் இல்லை. அது உறைத்ததும் அவளுக்குக் கோபம் தன்மேலும் திரும்பியது. அவள் அம்மாவைப் பார்த்தாள். நீங்கள் வேண்டாம் என்றால் நான் நிறுத்திக்கொள்கிறேன் என்று பார்வையால்தான் கேட்டாள்.

அம்மா வந்தாள். பட்டாணியின் விரல்களைப் புடவையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, "இங்கயே நில்லு கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாள். கதவின் உட்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். உரிந்த இடத்தையும் பார்த்தாள். கைப்பையைத் திறந்து திருப்புளியை எடுத்து முதல் திருகில் வைத்தாள்.

"என்ன பண்றீங்க?"

"பிரிக்கறேன். எனக்கு அதான் தொழில். அளவு தெரியாம எவனாவது தைச்சு வெச்சதைப் பிரிக்கறதுக்குத்தான் ஜனங்க எங்கிட்ட வர்றாங்க."

"இது பள்ளிக்கூடத்துச் சொத்து. கை வைக்கக் கூடாது."

"அங்க நிக்கறாளே, அது என் சொத்து," என்றாள் அம்மா, திரும்பாமலே. "நீங்க கை வெச்சப்ப எங்கிட்ட கேட்டீங்களா?"

திருப்புளி சிறியது, திருகு பெரியது. இரண்டு தரம் வழுக்கியது. ஆய்வாளர் குனிந்து, தாழ்ப்பாள் ஆடாமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை யாரையோ கூப்பிட நாலு அடி நடந்தாள். பிறகு யாரைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது என்று நினைத்தவள் போல நின்றுவிட்டாள். சத்தம் கேட்டு வகுப்பாசிரியை வெளியே வந்தாள். மஞ்சள் கார்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

அவளிடம் போய் ஆய்வாளர் கையை நீட்டினாள். ஆசிரியை தலைமையாசிரியையைப் பார்த்தாள், பிறகு கொடுத்துவிட்டாள். "வேற வழி தெரியலைங்க," என்றாள் மெதுவாக.

"தெரியலேன்னு என்னைக் கேட்டிருக்கலாம்."

கடைசித் திருகும் கழன்று தரையில் உருண்டது. தாழ்ப்பாள் அம்மாவின் கையோடு வந்தது. அவள் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் பட்டாணியிடமிருந்து சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து, கார்டை நடுவில் வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எடு என்று சொல்லவில்லை. ஒரு குழந்தையை எதற்கும் வற்புறுத்தாமல் காத்திருக்க மட்டும்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும். தாழ்வாரத்தில் எல்லோரும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பட்டாணி கார்டைப் பார்த்தாள். மஞ்சள் நிறம் கண்ணில் பட்டதும் மணிக்கட்டு வாயைத் தேடிப் போனது. கடிக்கவில்லை. கார்டைச் சுற்றி நடந்து, அதை மிதித்துவிடாமல், சுவரை உரசியபடி அந்தத் திருப்பத்தைத் தாண்டி வந்தாள். கதவில் துளைகள் மட்டும் இருப்பதை நெடுநேரம் பார்த்தாள். ஒரு துளையில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்து தாழ்ப்பாளை வாங்கினாள்.

தரையில் இருந்த ஆய்வாளரிடம் வந்து அதை நீட்டினாள். கார்டை நீட்டக் கற்றுக்கொடுத்த அதே விதமாக, உள்ளங்கையில் வைத்து, கண்ணைப் பார்க்காமல்.

ஆய்வாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த நொடியிலேயே வாங்கிக்கொண்டு எழுந்தாள். கதவில் இருந்த தாளைக் கிழித்து மடித்து, கீழே கிடந்த கார்டோடு பையில் போட்டாள். மூவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.

"அப்ப நாளையிலேர்ந்து?" என்று பின்னாலிருந்து கேட்டாள் தலைமையாசிரியை. மிரட்டலும் இல்லை, சமாதானமும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டது போல இருந்தது.

"வருவா," என்றாள் அம்மா. "நானும் வருவேன். இவங்களும் வருவாங்க. யார் நிறுத்தறாங்கன்னு பாக்கறேன்."

வெளியே வெயில் ஏறியிருந்தது. பட்டாணி காதைப் பொத்தாமல் நடந்தாள். பேருந்து நிறுத்தம் வந்த பிறகுதான் அம்மா, ஆய்வாளரைப் பார்க்காமல், நிழல் விழுந்த பெஞ்சின் ஓரத்தைப் புடவை முனையால் துடைத்துவிட்டு, "உக்காருங்க டீச்சர்" என்றாள்.