சொரசொரப்பு வேறு, கோணல் வேறு

அலமாரி செய்யும் தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறியபோது, அதில் வேலை பார்த்த ஓரகத்திகள் இருவரும் ஒரே நாளில் வீட்டோடு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி அண்ணன் பெண்டாட்டி, இன்னொருத்தி தம்பி பெண்டாட்டி. ஒரே வீட்டில் மாடியும் கீழுமாகக் குடியிருந்து, ஒரே பஸ்ஸில் போய், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று இழுப்பறைகளைப் பொருத்தியவர்கள். தொழில் இருவருக்கும் கைவந்திருந்தது. கருவிகள்தான் கம்பெனியுடையவை. கடைசி நாளன்று எல்லாவற்றையும் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள்.

பெரியவளுக்கு வீட்டில் 'ரசமட்டம்' என்று பெயர். வைத்தவர் அவள் புருஷன்தான். சுவரில் மாட்டிய படம் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மகளைப் பெற ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, வலிக்கு நடுவில், "அந்தக் கடிகாரம் கோணலா மாட்டியிருக்கு, யாராவது நேராக்குங்களேன்" என்று நர்ஸைக் கெஞ்சியவள். நர்ஸ் நாற்காலி போட்டு ஏறி அதை நேராக்கிய பிறகுதான் குழந்தை வெளியே வரச் சம்மதித்தது என்று புருஷன் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார்.

சின்னவளுக்குக் கண்ணைவிடக் கை முந்தும். துணிக்கடைக்குப் போனால் நிறத்தைப் பார்க்க மாட்டாள். விரலால் கசக்கிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு துவைப்புதான் தாங்கும்" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கார் கொட்டகை இருந்தது. அதில் கார் நின்றதே இல்லை. பழைய கட்டில், உடைந்த மின்விசிறி, யாரோ கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் ஒரு மூலைக்குத் தள்ளி, வெள்ளையடித்து, இரண்டு பேரும் அதைப் பட்டறையாக்கினார்கள். முதல் வேலையும் தெருமுனையிலிருந்தே வந்தது. பல் டாக்டரம்மா தன் அறைக்கு இழுப்பறை வைத்த அலமாரி கேட்டார்.

"அழகெல்லாம் அப்புறம். இழுத்தா சத்தம் வரக் கூடாது, அவ்வளவுதான். பல்லைக் காட்ட வர்றவங்க ஏற்கெனவே உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுல ஒரு கிறீச் கேட்டுச்சுன்னா எழுந்து ஓடிடுவாங்க" என்றார்.

இருந்த பணத்தில் பாதி மரத்துக்கே போய்விடும். மீதியில் கருவிகள் வாங்க வேண்டும். பெரியவள் முதல் நாளே சட்டம் போட்டாள்.

"சுத்தறதுக்குக் காசு குடுக்கலாம். புடிக்கறதுக்கும் தட்டறதுக்கும் குடுக்க வேணாம். அளக்கறதுக்குக் கண்ணைக் குடுக்கணும்."

சின்னவளுக்கு அது கடையில்தான் புரிந்தது.

கருவிக்கடை நீளமாக, ரயில் பெட்டிபோல இருந்தது. கடைக்காரர் வாசலுக்கு நேரே பளபளக்கும் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் நூறு சாமான். மூடியைத் திறந்தால் எல்லாம் வரிசையாகப் படுத்துக்கொண்டு கண்ணடிக்கும். சின்னவளின் கை தானாக அங்கே போனது. பெரியவள் அதிலிருந்து ஒரு ஸ்பேனரை உருவி, கொண்டு வந்திருந்த போல்ட்டில் மாட்டி ஆட்டினாள். லொடலொடவென்று ஆடியது.

"வெளியில கல்யாணப் பொண்ணு, உள்ள லொடலொட. வேணாம்."

அப்புறம் அவள் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டங்களைக் கேட்டாள். கடைக்காரர் இரண்டைக் காட்டினார். "இருக்கறது எல்லாத்தையும் எடுங்க அண்ணே" என்றாள். ஒரு தட்டு நிறைய வந்தது. கல்லாப் பலகையின் நேரான விளிம்பில் ஒவ்வொன்றாகச் சாத்தி, ஒரு காகிதத்தில் கோடு போட்டாள். மட்டத்தைப் புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டு கோடும் ஒன்றாகிவிடும். இல்லாவிட்டால் கத்தரிக்கோல் மாதிரி விரியும். விரிந்தது, விரிந்தது, விரிந்துகொண்டே இருந்தது. பின்னால் வாங்க வந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெல்வெட் பெட்டியில் வந்த விலை உயர்ந்த மட்டமும் விரிந்தபோது கடைக்காரருக்கு முகம் சுருங்கியது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்த மாதிரி இருக்கும்மா நீங்க பண்றது."

"கூடம் நிஜமாவே கோணலா இருந்தா அவ வேற என்னண்ணே சொல்வா?"

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரரும் சிரித்தார். அடியில் கிடந்த, பெயர்கூட அச்சடிக்காத ஒரு மட்டத்தின் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. பெரியவள் அதை ஒரு பக்கமாக எடுத்து வைத்தாள். கடைக்காரர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஸ்டூல் ஒன்றை இழுத்து அவளுக்குப் போட்டார்.

அதன்பின் வேலை மளமளவென்று நடந்தது. துளை போடும் மெஷினுக்குத்தான் அவள் கை தாராளமாக நீண்டது. ஒவ்வொன்றிலும் ஒரே ஆணியைப் பூட்டிச் சுற்றவிட்டு, நுனி தலையாட்டுகிறதா என்று பார்த்தாள். தலையாட்டாத ஒன்று கொஞ்சம் கூடுதல் விலை. பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டாள். கிளாம்புகளில் இருப்பதிலேயே அவலட்சணமானவற்றைப் பொறுக்கினாள். பெயின்ட் உரிந்திருந்தது. ஆனால் திருகு தடிமனாக, மரை ஆழமாக இருந்தது. சுத்தியலின் தலையைப் பார்க்கவே இல்லை, கைப்பிடியில் மரத்தின் ரேகை நெட்டுக்கு ஓடுகிறதா என்று மட்டும் பார்த்தாள். சின்னவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து வருஷம் எதிரெதிரே நின்று வேலை பார்த்தும், இவளுக்கு இவ்வளவு தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும்.

தகராறு வந்தது இழைப்புளியில்.

கடைசித் தட்டில், இருப்பதிலேயே மலிவாக, மரம் சீவும் ஒரு இரும்பு இழைப்புளி கிடந்தது. பெரியவள் அதன் அடியில் இரும்பு ஸ்கேலை வைத்து வாசல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். நடுவில் வெளிச்சம் ஒழுகியது. அடிப்பாகம் பூராவும் அரைகுறையாகத் தேய்த்த கோடுகள்.

"இது தண்டம். இழைப்புளியே வேணாம். உப்புத்தாள் போட்டே சமாளிச்சுக்கலாம்."

சின்னவள் அதை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்தாள். கனமாக இருந்தது. கைப்பிடி பொருந்தி உட்கார்ந்தது. அலகைக் கழற்றி, கடையிலிருந்த அரத்தால் அதன் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. நல்ல இரும்பு.

"அக்கா, இது கோணல் இல்ல. சொரசொரப்பு."

"வெளிச்சம் தெரியுதே, கண்ணு இல்லையா?"

"தெரியுது. அந்த மெஷின்ல நுனி தலையாட்டினா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. இது அப்படியில்லக்கா. செஞ்சவங்க பாதியிலயே விட்டுட்டாங்க. மீதி வேலைக்குத்தான் விலையைக் குறைச்சிருக்காங்க. மீதியை நாம செஞ்சுக்கலாம்."

"நமக்கு வேற வேலை இல்லையா? ஒரு தடவை சொன்னா கேளுடி."

"எல்லாத்துலயும் நீங்க சொன்னதத்தான் கேட்டேன். இத மட்டும் நான் சொல்றேனே."

கடைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னவள் தன் கைப்பையிலிருந்து தனியாகப் பணம் கொடுத்து அதை வாங்கினாள். வீடு வரும்வரை பெரியவள் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். சின்னவள் மடியில் இழைப்புளி ஒரு வேண்டாத விருந்தாளிபோல உட்கார்ந்திருந்தது.

மறுநாளிலிருந்து பிற்பகல் வேளைகளில் சின்னவள் மூலையில் கிடந்த கண்ணாடிக் கதவைப் படுக்கவைத்து, அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியைத் தேய்த்தாள். அடிப்பாகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுவிட்டுத் தேய்த்தால், மேடான இடத்தில் கோடு அழியும், பள்ளத்தில் நிற்கும். நின்ற கோடுகள் நாளுக்கு நாள் சுருங்கின. தோள் வலித்தது, விரல் இடுக்கெல்லாம் கருத்தது. "மலிவா வாங்கிட்டு மாவு அரைக்கறியா?" என்று அவள் புருஷன் கேலி செய்தான். முதல் தடவை மரத்தில் வைத்துத் தள்ளியபோது அது தடதடவென்று குதித்து, பலகையைப் பிய்த்துவிட்டது. பெரியவள் அந்தப் பக்கம் திரும்பாமலே, "ம்" என்றாள். அந்த 'ம்' சின்னவளைச் சுட்டது. அலகைக் கழற்றி மறுபடி முதலிலிருந்து தீட்டினாள்.

இதற்கிடையே பெரியவள் வாங்கியவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு வேலை செய்தன. அவலட்சணக் கிளாம்புகள் ஒட்டிய பலகையைப் பிடித்த பிடியில் விடவில்லை. அந்தப் பெயரில்லாத மட்டத்தை வைத்து அடித்த அலமாரி, எந்த மூலையில் அளந்தாலும் இம்மி பிசகவில்லை. சின்னவள் மனசுக்குள் ஒவ்வொன்றுக்கும் கும்பிடு போட்டாள். வாய்விட்டுச் சொல்லத்தான் கோபம் தடுத்தது.

அலமாரியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. விடாத மழை. டாக்டரம்மாவின் அறையில் அலமாரியை நிறுத்தி, இழுப்பறைகளைச் செருகியபோது ஒன்றுகூட நகரவில்லை. ஈரத்தில் மரம் ஊதியிருந்தது. பெரியவள் உப்புத்தாளை எடுத்து ஓரங்களைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க விளிம்பு உருண்டு போனதே தவிர, இழுப்பறை அசையவில்லை. கடைசியில் பலத்தைக் கூட்டி இழுத்தாள். கிறீச்சென்ற சத்தம் அடுத்த அறை வரைக்கும் கேட்டது. அங்கே காத்திருந்த ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

பெரியவள் கைப்பிடியை விட்டாள். எதையும் ஒரு நூல் பிசகாமல் செய்கிறவள், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றதைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள். குத்திக்காட்ட நல்ல சமயம். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"தள்ளிக்கங்கக்கா" என்று மட்டும் சொல்லி, பையிலிருந்து இழைப்புளியை எடுத்தாள்.

அங்கிருந்த ஒரு ஸ்டூலின் காலுக்கும் சுவருக்கும் இடையில் இழுப்பறையை முட்டுக் கொடுத்து, ஓரத்தில் வைத்து மெதுவாகத் தள்ளினாள். இந்த முறை குதிக்கவில்லை. 'ஸ்ஸ்' என்று ஒரு மூச்சு. இழைப்புளியின் வாய்வழியாக வெங்காயத் தோல்போல ஒரு சீவல் சுருண்டு, முழு நீளத்துக்கும் அறுபடாமல் வந்தது. இன்னொரு தள்ளல். இன்னொரு சுருள். இழுப்பறையை எடுத்துச் செருகி, ஒரே ஒரு விரலால் தொட்டாள். அது சத்தமே இல்லாமல் உள்ளே போய் நின்றது. மற்ற இழுப்பறைகளையும் அப்படியே சீவிச் செருகினாள்.

பெரியவள் குனிந்து தரையிலிருந்து ஒரு சீவலை எடுத்தாள். இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள். ஒரு கோடி முதல் மறுகோடி வரை ஒரே கனம். அவள் கண்ணுக்கு அதில் பிழை எதுவும் அகப்படவில்லை.

டாக்டரம்மா வந்து இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். காதைக் கொடுத்துக் கேட்டார். "இது திறந்திருக்கா மூடியிருக்கான்னு எனக்கே தெரிய மாட்டேங்குதே! யார் கைவேலை இது?"

சின்னவள் வாயைத் திறக்குமுன் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"இவதாங்க. நான் தண்டம்னு ஒதுக்கின கருவி அது. இவ சண்டை போட்டு வாங்கினா. நான் இருக்கற குறையைத்தான் பார்த்தேன். அந்தக் குறை தீருமா தீராதான்னு பார்க்கல. அதை இவ பார்த்தா."

இப்படி ஒரு நீளமான பாராட்டு பெரியவள் வாயிலிருந்து வந்து சின்னவள் கேட்டதில்லை. "மட்டம் சரியில்லாம இருந்தா இதெல்லாம் எதுக்கும் ஆகாதுக்கா" என்று முணுமுணுத்தாள். டாக்டரம்மா தன் தோழி ஒருத்தி கண் ஆஸ்பத்திரி திறக்கப் போவதாகவும், அங்கேயும் அலமாரிகள் வேண்டும் என்றும் சொன்னார்.

கண் ஆஸ்பத்திரி வேலை தொடங்கிய காலையில் சின்னவள் கொட்டகைக்கு வந்தபோது, பெரியவள் ஏற்கெனவே ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தாள். காலடியில் சீவல் குவிந்து கிடந்தது.

"அக்கா, அது என்னோடது."

"தெரியும். இந்தப் பலகை முடியட்டும்."

அந்தப் பலகை முடிந்து, அடுத்த பலகையும் முடிந்தது. மத்தியானம் வரை இழைப்புளி அவள் கையை விட்டு இறங்கவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னொரு இழைப்புளி வாங்கி வரச் சின்னவள் செருப்பை மாட்டினாள்.