துண்டுக்குள் ஒரு கை

காருக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்க முடியாது என்பதுதான் வீரமுத்துவுக்கு முதல் சங்கடம். மாடாக இருந்தால் வாயைப் பிளந்து வயதைச் சொல்லிவிடுவார். சுழி பார்த்து, நாலு எட்டு நடக்கவிட்டு, குளம்புச் சத்தத்திலேயே இது எத்தனை வருஷம் உழைக்கும் என்று கணித்துவிடுவார். இது ஜொகூர் பாருவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் மோட்டார் கடை. சிமெண்டுத் தரையில் பச்சைப் பசேலென்று நின்ற காரை அவர் மூன்று தடவை சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். எதற்குத் தட்டினோம் என்று அவருக்கே தெரியாது. சற்று முன்னால் வந்துபோன ஒரு சீனத் தவுக்கே, பெரிய கடை முதலாளி, அப்படித் தட்டியதைப் பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

புதுக் கார் வாங்க வருகிற தோட்டத்துத் துரைமாரை ஏற்றி, மேடு பள்ளமெல்லாம் ஓட்டிக் காட்டுவதற்காகக் கடையிலேயே வைத்திருந்த கார் அது. எட்டு மாதம் ஓடியிருந்தது. இப்போது புது மாதிரி வந்துவிட்டதால் இதைத் தள்ளிவிடச் சொல்லிச் சிங்கப்பூர் தலைமைக் கடையிலிருந்து உத்தரவு. புதிதென்றால் ஆயிரத்து அறுநூறு வெள்ளி. இதற்குப் பேசிக்கொள்வதுதான் விலை. இந்தச் சேதியை வீரமுத்து குடியிருந்த சிம்பாங் ரெங்கத்துக்குக் கொண்டுவந்தவன் லெட்சுமணன். எட்டு மாதமும் அந்தக் காரை ஓட்டியவன் அவன். வீரமுத்துவின் மனைவி கிருஷ்ணம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தகரப்பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கியவனை வீட்டில் வைத்துச் சோறு போட்டு, கார் ஓட்டப் பழக அனுப்பி, லைசென்ஸுக்கும் பணம் கட்டியது வீரமுத்து. அதை அவர் சொல்லிக்காட்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். கிருஷ்ணம்மாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவாள்.

பதினொரு வருஷமாக அவருடைய மூன்று மாட்டுவண்டிகள்தான் தோட்டத்து ரப்பர் ஷீட்டை ரெங்கம் ரயில் நிலையத்துக்கு இழுத்தன. போன மாதம் தோட்டத்தில் லாரி வாங்கிவிட்டார்கள். தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி வந்து, "அடுத்த மாசத்துலேருந்து வண்டி வேணாம்லா" என்றார், பேப்பர்காரனிடம் சொல்வதுபோல. ஆறு மாட்டையும் மூன்று வண்டியையும் விற்று, இருந்ததையும் வழித்துப்போட்டு ஆயிரத்து நூற்றைம்பது வெள்ளி தேறியது. இந்தக் காரை வாங்கி, குளுவாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் வாடகைக்கு விடுவது. லெட்சுமணன் கடை வேலையை விட்டுவிட்டு ஓட்டுவது. வருகிறதில் பாதிப் பாதி. இதுதான் ஏற்பாடு. விலை ஆயிரத்துக்குள் முடிந்தால் வாடகை லைசென்ஸுக்கும் பெட்ரோலுக்கும் மிஞ்சும், மூச்சு விடலாம். ஆயிரத்து நூறு என்றால் தண்ணீர் கழுத்துவரைக்கும் வந்துவிடும். கார் கைகூடாவிட்டால், நாற்பத்து மூன்று வயதில் கத்தியை எடுத்துக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போகவேண்டியதுதான்.

"துரைகிட்ட நீங்க மலாய்ல பேசாதீங்க மச்சான்," என்றான் லெட்சுமணன். "கம்பத்துப் பட்டிக்காட்டு ஆளுன்னு நெனச்சு வெலைய ஏத்திருவாரு. இங்கிலீஸ்ல பேசினாத்தான் மதிப்பு. நான் பேசுறேன். நீங்க எதுவரைக்கும் போவீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க."

"நாலு பேரு நிக்கிற எடத்துல வாயால சொல்ற வெல ஒரு வெலையாடா? கையக் குடு."

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போட்டார் வீரமுத்து. ஊரில் மாட்டுச்சந்தையில் அப்படித்தான். விற்கிறவனும் வாங்குகிறவனும் வாய் திறக்கமாட்டார்கள். நடுவில் நிற்கிற தரகன் துண்டுக்குள் இவன் விரலைப் பிடிப்பான், பிறகு அவன் விரலைப் பிடிப்பான். ஒரு விரல் நூறு, முழுக் கை ஐந்நூறு என்று பேச்சு. ஊரே சுற்றி நின்றாலும் விலை அந்த மூன்று பேருக்குத்தான் தெரியும். வாயால் பொய் சொல்லலாம், துண்டுக்குள் பொய் சொன்னால் கை அழுகிப்போகும் என்பார்கள். லெட்சுமணனும் அந்தச் சந்தைப் பக்கத்தில் பிறந்தவன்தான். அவன் கையை முழுதாக இரண்டு தடவை அழுத்தி, பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு தடவை பிடித்தார். ஆயிரத்து நூறு. மேசையில் எழுதிக்கொண்டிருந்த கடைக் கிராணி இதைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினான். சிரிக்கட்டும், இங்கிலீஷ் படித்தவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று வீரமுத்து நினைத்தார்.

லெட்சுமணன் துரையின் கண்ணாடி அறைக்குள் போனான். உள்ளே பேசுவது வெளியே கேட்கவில்லை. துரை தலையை ஆட்டினார். லெட்சுமணன் கையை விரித்தான். துரை ஏதோ சொல்லிச் சிரித்தார், அவனும் சிரித்தான். தகரப்பெட்டியோடு வந்த பயல் துரைக்கு எதிரில் நின்று இங்கிலீஷில் பேரம் பேசுகிறான் என்று வீரமுத்துவுக்குப் பூரிப்பாக இருந்தது. கிருஷ்ணம்மா பார்க்கவேண்டும் இதை. ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் அவன் வெளியே வந்தான். முகம் வாடியிருந்தது.

"ஆயிரத்து எரநூறுலயே நின்னாரு மச்சான். கால்ல விழாத கொறையாப் பேசி ஆயிரத்து நூறுக்கு எறக்கியிருக்கேன். பணத்தக் குடுங்க, உள்ள கட்டிட்டு வந்துர்றேன்."

வீரமுத்து இடுப்புவாரை அவிழ்த்தார். எண்ணியும் பார்க்கவில்லை, முந்தின நாளே நூறு நூறாகக் கட்டி வைத்திருந்தார். தம் கை எங்கே நின்றதோ அங்கேயே விலையும் வந்து நின்றது அவருக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. மாடோ காரோ, மதிப்பு போடத் தெரிந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான் என்று காரின் மூக்கைத் தடவிக்கொடுத்தார்.

லெட்சுமணன் பணத்தைக் கட்டிவிட்டு வந்து முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியபோது, துரையே வெளியே வந்தார். வீரமுத்துவிடம் கையை நீட்டினார். பிறகு மலாயில், சந்தையில் எல்லாரும் பேசுகிற அதே மலாயில், சிரித்துக்கொண்டே சொன்னார். உன் ஆள் கெட்டிக்காரன், நான் ஆயிரம் கேட்டேன், பிடிவாதமாக நின்று குறைத்துவிட்டான். "செம்பிலான் ராத்துஸ் லீமா புலோ. மூரா."

தொள்ளாயிரத்து ஐம்பது, மலிவு. மலாய்க்காரரிடம் புல்லும் சீனரிடம் தவிடும் பதினொரு வருஷமாக இந்தப் பாஷையில் பேரம் பேசி வாங்கியவர் வீரமுத்து. எண்ணைத் தப்பாகக் கேட்டிருக்க வழியில்லை. "தெரிமா காசி, துவான்," என்றார். நன்றி சொல்லத்தான் வாய் வந்தது. துரை அவர் தோளில் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரின் கண்ணாடியில் லெட்சுமணனின் துணி நின்றுபோயிருந்தது. பிறகு மறுபடியும் அதே இடத்தையே துடைத்தது.

வீரமுத்து இடுப்புவாரை இறுக்கிக் கட்டினார். திருடன் அடிமடியில் கை வைத்தால் கத்தலாம், ஊரைக் கூட்டலாம். மடியை அவிழ்த்து நாமே கொடுத்ததற்கு என்ன செய்வது? தரகு கேட்டிருந்தால் தரமாட்டாரா? இவனுக்கென்று பதினைந்து வெள்ளியை வெற்றிலைப் பைக்குள் தனியாக மடித்து வைத்திருந்தாரே. அதை நினைத்ததும் பணம் போனதைவிட அதுதான் அதிகமாக வலித்தது. தப்பு எங்கே நடந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. சந்தையில் தரகன் இரண்டு பேர் கையையும் பிடிப்பான். இங்கே துண்டுக்குள் இருந்தது அவர் கை ஒன்றுதான். துரையின் கை வரவேயில்லை. பச்சைப்பிள்ளைகூட அதைக் கேட்டிருக்கும், சந்தைக்காரன் கேட்கவில்லை. இங்கேயே சத்தம் போட்டால் துரை இவனைப் போலீசில் கொடுப்பார், நூற்றைம்பது திரும்பி வரும். அப்புறம் கிருஷ்ணம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? இந்தக் காரை யார் ஓட்டுவது? அவருக்குக் கயிறு பிடிக்கத் தெரியும், இந்த ஸ்டீயரிங் வட்டைப் பிடிக்கத் தெரியாது.

"எவ்வளவுக்குடா முடிஞ்சது?" என்று மட்டும் கேட்டார்.

லெட்சுமணன் துணியைப் பிழிந்தான். "நீங்க புடிச்ச வெலைக்குத்தான் மச்சான்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. வீரமுத்து பின்கதவைத் திறந்து ஏறி, தோட்டத்துத் துரைமார் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வாங்களேன். பின்னாடி தூக்கிப்போடும்."

"வண்டிய எடு."

ஜொகூர் பாருவின் கடைத்தெருவைத் தாண்டும்வரை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேட்டி கட்டிய தமிழன் ஒருவன் டிரைவர் வைத்துப் போகிறான் என்று இரண்டொருவர் சலாம்கூட வைத்தார்கள். வீரமுத்து அவர்களைப் பார்க்கவில்லை. முன்னால் தெரிந்த பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒழுங்காக வெட்டிவிட்ட முடி, கடையில் கொடுத்த காக்கிச் சட்டையின் கஞ்சிக் கழுத்து. ஏழு வருஷமாகப் பழகியும் அவனை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. எவனோ ஒருவனுடைய பிடரி மாதிரி இருந்தது.

கூலாய் தாண்டி, இரண்டு பக்கமும் ரப்பர் மரமாக இருந்த ஒரு மேட்டில் லெட்சுமணன் காரை ஓரங்கட்டினான். எஞ்சினை நிறுத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா மச்சான்?"

கொடுத்திருப்பேன் என்று சொல்ல வீரமுத்து வாயைத் திறந்தார். அது பொய்யாகிவிடும். அடுத்த மாசம் பார்ப்போம் என்றிருப்பார். தீபாவளி போகட்டும் என்றிருப்பார். ஏழு வருஷமாக இவன் கேட்டதற்கெல்லாம் அதுதான் பதில், பதினைந்து வெள்ளிதான் அவர் மனசு எட்டிய தூரம். அது தெரிந்ததும் கோபம் தணிந்திருக்கவேண்டும். தணியவில்லை, இரண்டு மடங்காயிற்று. ஏமாற்றியவனைத் திட்டுகிற நியாயத்தையும் இந்தப் பாவி சேர்த்துக் கொண்டுபோய்விட்டானே என்று இருந்தது.

"ஒங்க அக்கா வெல கேப்பா," என்றார். "நீயே சொல்லிடு. என்ன வெல சொல்றியோ, அதான் வெல."

லெட்சுமணன் வட்டிலிருந்து கையை எடுத்தான். பிறகு இறங்கி, காரின் மூக்கைச் சுற்றி வந்து, முன்கதவைத் திறந்தான்.

"முன்னாடி வாங்க மச்சான். ஊருக்குள்ள இப்படிப் போய் எறங்கினா அக்கா என்னா நெனைக்கும்?"

வீரமுத்து அசையவில்லை. எதிரே ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்து, இரண்டு பேர் மேலும் செம்மண்ணை இறைத்துவிட்டுப் போனது. தூசி அடங்கியபோதும் லெட்சுமணன் அங்கேயேதான் நின்றான். எஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் திறந்த கதவு கடகடவென்று ஆடியது. அதை நிறுத்த அவன் கையை வைத்து அழுத்தினான். கதவும் கையும் சேர்ந்து ஆடின.