மழை பெய்தால் கத்தும் கார்

கீரமங்கலம் கடைத்தெருவில் கார் தானாக ஹாரன் அடிக்கத் தொடங்கியபோது, ஆனந்தராஜின் கை ஸ்டியரிங்கில்கூட இல்லை. மழை விடட்டும் என்று ஓரமாக நிறுத்தி, மனைவி வனிதா வாங்கி வந்த வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் நிற்கவேயில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"அங்கிட்டு எடமே இல்லங்க! நான் என்ன பறந்தா போறது?"

ஆனந்தராஜ் வடையோடு சேர்த்துக் கும்பிடு போட்டார். அந்த நேரம் பார்த்து டிக்கியும் தானாகத் திறந்துகொண்டது. வனிதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் கால் வைத்திருந்த கார்ப்பெட் சொதசொதவென்று நனைந்திருந்தது.

குவைத்தில் ஒரு முதலாளிக்கு இதே மாதிரி காரைத்தான் பல வருடம் ஓட்டினார் ஆனந்தராஜ். ஊரோடு வந்துவிட்ட பிறகு, திருச்சியில் ஒரு வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் ஓடாமல் கிடந்த பழைய ஜெர்மன் கார் ஒன்றைக் கண்டதும் விட மனம் வரவில்லை. வாங்கி வந்துவிட்டார். வனிதா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மல்லிகப்பூ மூட்டைய இதுல எங்க ஏத்துறது?" என்று மட்டும் கேட்டாள். அவர் இல்லாத காலமெல்லாம் பூந்தோட்டத்தை ஒற்றை ஆளாகப் பார்த்தவள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வனிதாவின் தம்பி செம்மலுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்தக் கார்தான் என்று ஆனந்தராஜ் வாக்குக் கொடுத்திருந்தார். திருச்சி மெக்கானிக்கிடம் போனில் கேட்டால், "சீட்டுக்கடியில இருக்கற கரண்ட் பெட்டிக்குள்ள தண்ணி போயிருக்கும். புதுசு வர ரெண்டு வாரம் ஆகுங்க" என்றார்.

"அதுவரைக்கும் மாப்பிள்ளையப் புடிச்சு வைக்க முடியாது," என்றாள் வனிதா. "தண்ணி எங்கிட்டு வருதுன்னு நாமளே பாத்தா என்ன?"

"நான் ஓட்டித்தாங்க பழக்கம். பானெட்டக்கூடத் தொறக்க விடமாட்டாங்க குவைத்துல." கேலியாக மரியாதை கொடுத்துப் பேசினாலும் அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் மட்டும் தோட்டத்து மோட்டாரக் கழட்டப் படிச்சுட்டா கழட்டுனேன்? தண்ணி நின்னு போச்சு, கழட்டுனேன்."

மறுநாள் காலை பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கினார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வழிந்தது. துடைத்து, திறந்து வெயிலில் வைத்தார்கள். பிறகு ஆனந்தராஜ் உள்ளே குனிந்து உட்கார, வனிதா கூரைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த பள்ளத்தில் செம்பால் தண்ணீர் விட்டாள்.

"வருதா?"

"வருது, வருது! என் சட்டைக்குள்ளேயே வருது!"

அவர் நனைந்த கோழி மாதிரி வெளியே வந்ததும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. கூரையில் விழும் மழைத்தண்ணீர், முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஓடும் மெல்லிய குழாய் வழியாகக் கதவிடுக்கில் வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டு உள்ளே வழிகிறது.

"காத்தடிச்சு விட்டுருவமா?" என்றார் ஆனந்தராஜ்.

"வேணாம். சொட்டுநீர்க் குழாயில அப்படி அடிச்சு ஒருதரம் மூட்டே கழண்டு போச்சு." புல் வெட்டும் மிஷினில் மாட்டும் நைலான் நரம்பைக் கொண்டு வந்தாள். அதன் முனையை நெருப்பில் காட்டி மழுக்கினார் ஆனந்தராஜ். அவள் மேலிருந்து மெதுவாக உள்ளே விட, அவர் கதவிடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நரம்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. அவர் கீழ்வாயில் விரலை விட்டுச் சுரண்டினார். மண் உதிர்ந்தது.

"குளவிக்கூடு கட்டியிருக்கு வனிதா!"

"வீட்டுல கட்டுனா புள்ள பொறக்கும்பாக. காருல கட்டுனா?"

"குட்டிக்காரு பொறக்கும். அதுல பூ மூட்ட ஏத்திக்க."

கூட்டுக்குப் பின்னால் மக்கிய வேப்பிலை கறுப்புச் சகதியாக வழிந்தது. அடுத்த செம்புத் தண்ணீர் சக்கரத்தின் பக்கம் சலசலவென்று கொட்டியது. வனிதா அவர் தோளில் ஒரு தட்டு தட்டினாள். தான் ஊரைவிட்டுப் போயிருந்த காலத்தில் இவள் எத்தனை அடைப்பைத் தனியாக எடுத்திருப்பாள் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அவள் முகத்தில் தெறித்திருந்த சகதியைத் துண்டால் துடைத்துவிட்டார்.

நன்றாகக் காய்ந்த பெட்டியை மாட்டியதும் எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன; ஹாரன் தானாகக் கத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஊர்வலம் பாதி வழியில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. மேளக்காரர்கள் கடை வாசலில் ஒதுங்கினார்கள். பட்டு வேட்டியில் பின்சீட்டில் இருந்த செம்மல் கூரையையே பார்த்தபடி, "மாமா, ஒழுகாதுல்ல?" என்றான்.

"ஒங்க அக்கா பாத்த வேல மாப்ள. பேசாம ஒக்காரு."

கால் மணி நேரம் கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மண்டப வாசலில் இறங்கியதும் செம்மல் கார்ப்பெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, "நீங்க பின்னாடி ஒக்காருங்க," என்று வனிதா சாவியை வாங்கிக்கொண்டாள். தோட்டத்து மினி வேன் ஓட்டிய கை. முதல் வளைவிலேயே பிரேக் கொஞ்சம் பலமாக விழுந்தது. ஆனந்தராஜ் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, காற்றுக்காகக் கண்ணாடியை இறக்கினார். இறங்கிய கண்ணாடி மறுபடி ஏறவில்லை.

"வனிதா, கண்ணாடி மாட்டிக்கிச்சு."

"நாளைக்குக் காலைல கதவக் கழட்டிருவோம்," என்றாள் அவள், கியரை மாற்றிக்கொண்டே, உற்சாகமாக.