மாடிக் குழாயும் ஏழாவது கடிதமும்

வீடு இருப்பதோ தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில். ஆனால் அம்பிகைபாகன் வீட்டு மாடிக் குளியலறையில் மூன்று மாதமாகத் தண்ணீர் நூல் மாதிரிதான் இறங்கியது. அந்த நூலுக்குக் கீழே நின்று குளிக்கிற ஆளா அவர்? அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆயிற்றே! காலைப் பூசைக்கு முன் தலையோடு ஊற்றிக்கொள்ள வாளித் தண்ணீர் வேண்டும். வாளிக்குக் கால் இல்லாததால் அவர் மனைவி செல்வநாயகிதான் தோட்டத்துக் குழாயில் பிடித்துச் சுமந்தாள். பதினாறு படி, தினமும் நான்கு வாளி. அறுபத்து மூன்று வயது முழங்கால்.

"கீழ குளிச்சா என்னவாம்?" என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"குளிச்சிட்டுப் படியேறினா வேர்க்குமே. வேர்வையோட சாமி அறைக்குள்ள போறதோ?" என்றார் அவர். புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் கூச்சமில்லாமல் சொன்னார்.

மனிதர் சும்மா இருந்தார் என்று சொல்லிவிடக் கூடாது. கடிதம் எழுதினார். தண்ணீர் இலாகாவுக்கு ஆறு கடிதம், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, நகல் எடுத்து, கோப்பில் கட்டினார். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி திருட்டுத்தனமாக பம்ப் வைத்து இவர் வீட்டுத் தண்ணீரை இழுக்கிறாள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆதாரம்? அவள் வீட்டு மாடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் இவர் அறைவரை கேட்கிறதாம். பிளம்பரைக் கூப்பிடலாமே என்றால், "அவனுக்குக் குழாய் மட்டும்தான் தெரியும். எனக்கு நிர்வாகம் தெரியும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் புதன்கிழமை கோலாலம்பூரிலிருந்து மகள் நிரோஷா போன் செய்தாள். தலைப்பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

"அம்மா, மேல தண்ணி வராட்டி பச்சப்பிள்ளையோட நான் அங்க எப்படி இருக்கிறது? உங்கட காலும் சரியில்ல. மாமி தன்ர வீட்டுக்கே வரச் சொல்லுறா. நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ."

செல்வநாயகி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். மாடி அறையைக் கழுவித் துடைத்து, பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கி, பத்தியச் சாமான்கூட வாங்கி வைத்தாயிற்று. முதல் பேரப்பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்டாமல் வேறு எதற்கு இருக்கிறாள்? கணவரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"ஏழாவது கடிதம் இண்டைக்குத்தான் போயிருக்கு. பதினாலு வேலை நாள் பொறு" என்றார்.

மறுநாள் காலை அவர் கோயில் கூட்டத்துக்குப் போனபின், செல்வநாயகி தோட்டத்தில் வாளியை வைத்துக்கொண்டு அழுகிற முகத்தோடு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஹபீபா பீவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பம்ப் புகார் அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"அக்கா, எங்க வீட்ல பம்ப்பும் இல்ல ஒண்ணும் இல்லலா. வேணும்னா உள்ள வந்து பாருங்க. ஆமா, எப்பருந்து இப்படி?"

"சரஸ்வதி பூசையில இருந்து..." என்று சொல்லி வாய் மூடவில்லை, செல்வநாயகிக்குச் சுருக்கென்றது. அவள் திறந்துவிட்டிருந்த தோட்டத்துக் குழாய், வாளியை உதைத்துத் தள்ளுகிற வேகத்தில் பீச்சிக்கொண்டிருந்தது. அது, வீட்டுக்கு வரும் தண்ணீரை வடிகட்டுகிற ஃபில்டருக்கு முன்னால் இருக்கிற குழாய். வீட்டுக்குள் போவது ஃபில்டரைத் தாண்டிப் போகிற தண்ணீர். மூன்று மாதம் இதே குழாயில் வாளி நிரப்பியும் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

வாசல் ஓரம் நின்ற ஃபில்டரில் சந்தனப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. பூசையன்று அவர் கார், இஸ்திரிப் பெட்டி, மிக்சி என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தார். ஃபில்டர் வால்வின் கைப்பிடியில் காசு முடிந்த மஞ்சள் துணியையும் கட்டினார். முடிச்சு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கைப்பிடியைப் பாதி சாய்த்து, அசையாதபடி இறுக்கியிருந்தார். பாதி மூடிய வால்வைத் தாண்டிக் கீழே ஓரளவு வந்த தண்ணீருக்கு மாடி ஏற வேகம் இல்லை. பூசையில் கட்டியது தானாக விழ வேண்டும், கை வைக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கட்டியதோ பார்சல் கட்டுகிற ராஃபியா கயிற்றால். பிறக்கப் போகிற பேரப்பிள்ளை கல்யாணம் செய்தாலும் அது விழப்போவதில்லை.

"முருகா, குறை நினைக்காதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கத்தரிக்கோலால் வெட்டினாள். கைப்பிடியை நேராக்கியதும் சுவருக்குள் குழாய் உறுமியது. வலியை மறந்து மாடிக்கு ஏறிப்போய்த் திறந்தாள். தண்ணீர் தடதடவென்று கொட்டியது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஈரக் கையோடு மகளுக்குப் போன் போட்டு, "நீ இங்கயே வா பிள்ளை" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் விவரத்தைச் சொல்லத்தான் இருந்தாள். அதற்குள் அவர் குழாயைத் திறந்து பார்த்துவிட்டார்.

"பார்த்தியா! ஏழாவது கடிதம்! ஒரே நாளில வேலை செஞ்சிருக்கு!" என்று வீடு அதிரச் சொன்னார். சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். அதோடு விட்டாரா? வேலியோரம் போய், "பம்ப்பைக் கழட்டிட்டீங்கள் போல, நல்லது" என்று ஹபீபா பீவியிடமும் சொன்னார். அந்தப் பெண் விறுக்கென்று உள்ளே போய்விட்டாள். செல்வநாயகிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. சொல்ல இருந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை மாடியிலிருந்து தேவாரம் கணீரென்று வந்தது. தலையில் நுரை ஏறியிருக்கும் நேரம் பார்த்து அவள் வாசலுக்குப் போய்க் கைப்பிடியை முழுதாகச் சாய்த்தாள். தேவாரம் பாதியில் நின்றது.

"செல்வநாயகி! தண்ணி! கண் எரியுது!"

அவள் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, எட்டாவது கடிதம் எழுதுங்கோ. பதினாலு வேலை நாள்ல வந்திடும்!"

கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பில் துண்டும் தலையில் நுரையுமாக, ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு தலைமைக் குமாஸ்தா வாளியோடு தோட்டத்துக்கு வந்தார். ஹபீபா பீவி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு நன்றாகவே பார்த்தாள். அவர் வாளியை நிரப்பிக்கொண்டு உள்ளே போய்ப் படியேறினார்.

செல்வநாயகி ஒவ்வொரு படியாக எண்ணினாள். பதினாறாவது படியில் அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்துபோய்க் கைப்பிடியை நேராக்கினாள்.