அம்மாவுக்கும் இருந்தது

அம்மாவா சொன்னது, பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் இந்த அம்மாவா, இல்லை தன் காதில்தான் கோளாறா... குடும்பத்தில் வேறு யாருக்காவது வளர்ந்த பிறகும் தூக்கத்தில் சிறுநீர் போனதுண்டா என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், இவள் இல்லை என்று தலையாட்டப் போனாள், அதற்குள், "எனக்கு இருந்துச்சு டாக்டர், இவ பிறந்ததுக்கு அப்புறமும் கொஞ்ச காலம்," என்றாள் அம்மா, கடையில் உப்பு கேட்கிற குரலில். டாக்டர் என்னவோ சொல்லிக்கொண்டே போனார், இது சோம்பேறித்தனமும் இல்லை மனக்கோளாறும் இல்லை, பரம்பரையாக வரலாம், சர்க்கரையும் கிருமியும் இல்லையென்று முதலில் பார்த்துவிடுவோம், மாத்திரை இருக்கிறது, ஈரம் பட்டதும் எழுப்பிவிடும் அலாரம் இருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரையும் காபியையும் குறைக்க வேண்டும்... வைத்தியம் இருக்கிறதாம், இத்தனை வருஷமும் இருந்திருக்கிறதாம், அதுகூட இவள் மண்டையில் ஏறவில்லை. எனக்கு இருந்துச்சு. அப்படியானால் அந்தக் காலைகள்? எருமை மாதிரி வளர்ந்துட்டே, கொஞ்சமாவது வெட்கம் இருக்கா என்று போர்வையை உருவிக்கொண்டு நின்றது யார்? பள்ளிச் சுற்றுலா வேண்டாம், அத்தை வீட்டில் தங்க வேண்டாம், ஹாஸ்டல் பேச்சையே எடுக்காதே... எல்லாவற்றுக்கும் அம்மாவே முந்திக்கொண்டு வேண்டாம் சொல்வாளே, மகள் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள். பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறவள் இவள், முகமே பார்க்காத யாருடைய வாயும் இவளுக்கு அத்துப்படி, கூடவே இருந்த மனுஷியைத் தெரியவில்லை.

வராந்தாவில் நடக்கும்போது அம்மா ஒன்றுமே நடக்காததுபோல, மாத்திரையை வேறு கடையில் வாங்கிக்கலாம், இங்கே தெரிஞ்சவங்க வருவாங்க என்றாள், பிறகு, கல்யாணம் முடியற வரைக்கும் அவர்கிட்ட மூச்சு விடாதே என்று பழைய பாட்டையே பாடினாள். அவர்... இவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், தினமும் வேலை முடிந்ததும் போன் செய்து, கல்யாணம் ஆனதும் போக மலையடிவாரத்தில் அறை பார்த்திருக்கேன், ஜன்னலைத் திறந்தா அருவி என்று சொல்கிறவர், இவளோ அருவியை விட்டுவிட்டு மெத்தையைப் பற்றி நினைப்பாள், வெள்ளை விரிப்பாக இருக்குமோ, அடியில் பிளாஸ்டிக் போட்டால் சத்தம் கேட்குமோ. உனக்கும் இருந்ததுதானே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கும் அப்படித்தான்டி என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பாய் என்று கேட்க வாயெடுத்தாள், லிஃப்ட் வாசலில் வாயிலிருந்து வந்ததோ வேறு.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அம்மா லிஃப்ட் பொத்தானை, அதன் விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தபோதும், இன்னொரு தரம் அழுத்தினாள். "நான் சொன்னதில்ல. அவரும் கேட்டதில்ல. அப்பல்லாம் எனக்கு முன்னாடியே எழுந்து வெளியே போயிடுவார், நான் கூப்பிடற வரைக்கும் ரூமுக்குள்ள வரமாட்டார்."

"அது... உனக்காகவா, இல்ல அருவருப்பா?"

"தெரியலம்மா," என்றாள் அம்மா. தெரியவில்லையா? இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டு, அதைத் தெரிந்துகொள்ளாமலேயா? அந்நாளில் ஒவ்வொரு விடியலிலும் மூடிய கதவைப் பார்த்துப் பயந்துகொண்டா? மகளின் போர்வையை உருவும்போது வந்த கோபமெல்லாம் யார்மேல் வந்த கோபம்?

கீழே அப்பா காரை நிழலில் நிறுத்திவிட்டு வெளியே நின்றிருந்தார், பெண்கள் சமாச்சாரம் என்று மட்டும் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் முன்கதவைத் திறந்துவிட்டார், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, வெயிலா இருக்கு, ஏறுங்க என்றார். அம்மா தலையைக் குனிந்து ஏறினாள். இவள் பின்கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றாள், அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள், நல்ல முகம்தான், எப்போதும் போன்ற முகம்தான், அதில் ஒன்றையும் படிக்க முடியவில்லை, கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, அவராகத்தான் இருக்கும், இதைச் சொல்லாமலே இருந்துவிட்டால் அவரும் ஒருநாள் இப்படி ஒரு முகத்தோடு தனக்குக் கதவைத் திறந்துவிடுவாரோ...