டிராகனின் இரண்டாவது மூச்சு

எழுந்தேன். பல் தேய்த்தேன். காபி போட்டேன். இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, சூடேறும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையின் முதுகு, கைகள், முன்பக்கம். காலரைத் தேய்க்கவில்லை. இப்போதெல்லாம் தேய்ப்பதில்லை. அலுவலகத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மனைவியைப் பறிகொடுத்தவன் என்று விட்டுவிட்டார்கள்.

மணி அடித்தது. மச்சினன், அவளுடைய தம்பி. தோளில் மடிக்கணினிப் பை, கையில் மைக்.

அவள் சிந்தசைசரில் இசை அமைப்பாள். பாட்டே இல்லாத இசை. கேட்டால் கண்முன் கோட்டை, பனி, குகை, டிராகன் வரும். பகலில் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தாள். காலையில் டிராகன் வளர்த்தாள். அதன் மூச்சு என் இஸ்திரிப் பெட்டி. நான் சட்டை தேய்க்கும்போது சீறும் நீராவியைப் பதிவு செய்து, நாலு மடங்கு மெதுவாக்குவாள். அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்கக் கூடாது. தொகுத்து இணையத்தில் ஏற்றுவது தம்பி.

கடைசி இசை பாதியில் நின்றது. டிராகன் குகையை விட்டுப் பறந்துபோகும் இடம். அதற்கு இரண்டு மூச்சு வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். ஒன்றுதான் பதிவாகியிருந்தது. அன்று காலை அது முடிந்ததும் அவள் ஒன்று சொன்னாள்; கேட்டும் கேட்காததுபோல் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மதியம் வேலையிடத்தில் மயங்கி விழுந்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்திருந்தது.

"ஒரே ஒரு மூச்சு, அத்தான். அதோட அக்கா முடிச்சதா ஆயிடும்."

"உன் பெட்டியிலயே எடுத்துக்கோயேன்."

"எடுத்துப் பாத்தேன். டிராகன் மாதிரியா இருக்கு? ஜலதோஷம் பிடிச்ச பூனை மாதிரி இருக்கு. உங்க பெட்டிதான் உப்பு ஏறி நல்லா இழுக்குது."

சிரித்திருக்க வேண்டிய இடம். அவனும் சிரிக்கவில்லை.

"அன்னைக்கு எடுத்தது இருக்கா?"

"இருக்கு. அக்கா குரல் வந்ததும் நிறுத்திட்டேன், கேக்க முடியல. அதை வெட்டணும். மனுஷ சத்தமே வரக் கூடாதும்பா. ஒருதடவை நான் தும்மினதுக்கு ஒரு வாரம் என்கிட்ட பேசல."

"இசையிலேர்ந்து வெட்டிக்கோ. அழிச்சிடாதே."

அலமாரியைத் திறந்தேன். அன்றைய சட்டை துவைக்காமல் அப்படியே தொங்கியது. மேசையில் விரித்தேன். காலரின் மேல் பெட்டியை வைத்து அழுத்தினேன். நீராவி நீளமாக வந்தது. பேசாதீர்கள் என்று உயர்த்திய கையை மச்சினன் இறக்கவே இல்லை, அது அடங்கும்வரை.

இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினான். டிராகன் குகையை விட்டுப் போனது.

"ஏன் அத்தான், காலரை மட்டும் தேய்ச்சீங்க?"

பழைய பதிவைப் போடச் சொன்னேன். முதல் மூச்சு. நாற்காலி நகரும் சத்தம். அப்புறம் அவள்.

"காலரை விட்டுட்டீங்க பாருங்க. அதையும் தேய்ங்க, இன்னும் ஒரு தடவை மூச்சு விட்டுட்டுப் போகட்டும்."